ஆலையோரத்து நீலக் கட்டம்

எங்கள் மேசையில் நிறம் ஏறினால்தான் போர் தொடங்கும். செம்புத் தகட்டிலிருந்து அச்சாகி வரும் வரைபடத்தில் மலை, ஆறு, சாலை, கிராமம் எல்லாமே கறுப்புக் கோடுகள். படைகளும் அப்படியே. சின்னச் சின்ன வெற்றுக் கட்டங்களாக நிற்கும். எந்தக் கட்டம் யாருடைய படை என்று சொல்வது எங்கள் தூரிகைதான். பிரெஞ்சுப் படை என்றால் நீலம், எதிரி என்றால் சிவப்பு. ஆளுக்கு ஒரு நிறம். தாள் கைமாறி மேசையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும்போது சண்டை முடிந்து சாயமும் காய்ந்திருக்கும்.

நான் தண்ணீர்க்காரி. ஆறு, ஓடை, குளம், சதுப்பு எல்லாம் என் பொறுப்பு. சிவப்பு ஒர்தான்ஸுடையது. நீலம் சிதோனியுடையது. படைகளை "என் ஆளுங்க" என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். எங்கள் பேரரசரைத் தோற்கடித்துத் தீவுக்கு அனுப்பியவர்களை எல்லாம் தன் ஆட்கள் என்று சொல்லிக்கொள்ள ஒர்தான்ஸுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "இன்னிக்கு என் ஆளுங்க கொஞ்சம் வெளுத்திருக்காங்க, பயந்துட்டாங்க போல" என்பாள். பாரிஸில், வரைபடக் கடைகள் நிறைந்த எங்கள் தெருவில், மூன்றாம் மாடியில் பட்டறை. மாடி ஏற மூச்சு வாங்கும். ஆனால் வெளிச்சம் அங்கேதான் கிடைக்கும்.

அந்த வருஷம் ஓய்வுபெற்ற ஒரு தளபதி தன் சாக்சனிப் படையெடுப்பைப் பெரிய வரைபட நூலாகக் கொண்டுவந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு தாள். தோற்ற சண்டையைக் கூட ஏதோ விருந்துக்குப் போய்த் திரும்பியது போல வரைய அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அதில் குரோனவிட்ஸ் என்ற கிராமத்தின் தாளும் இருந்தது. சிதோனியின் கணவன் மத்தூரேன் காணாமல் போனது அந்தக் கிராமத்தில்தான்.

காணவில்லை என்று மட்டும்தான் அமைச்சகம் சொன்னது. ஒன்பது வருஷமாக அதே ஒரு வார்த்தை. செத்தவன் மனைவிக்கு விதவை என்ற பெயராவது கிடைக்கும், இவளுக்கு அதுவும் இல்லை. மத்தூரேன் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று யாராவது நீதிபதி முன்னால் சத்தியம் செய்தால்தான் அவள் இன்னொருவனை மணக்க முடியும். அப்படிப் பார்த்தவன் ஒருவனும் வரவில்லை.

குரோனவிட்ஸ் தாளில் நீலக் கட்டங்கள் பல. அதில் எது மத்தூரேனின் பட்டாளம் என்று சிதோனிக்குத் தெரியாது. கட்டங்களின் விவரம் நூலோடு தனியாக அச்சாகும், எங்கள் கைக்கு அது வராது. தெரியாததால் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே கவனம் காட்டினாள். ஓரம் தாண்டாமல், நிறம் தேங்காமல், தூங்கும் குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல ஒவ்வொன்றையும் நிரப்புவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே என் குளத்துக்கு நீர் ஊற்றுவது எனக்குச் சில நாள் தாங்காது.

இவ்வளவு கவனக்காரி ஒரு தவறும் செய்தாள். மூடுபனி இறங்கி வெளிச்சமே இல்லாத ஒரு நவம்பர் நாளில், ஓடைக்கரை நீர்ச்சக்கர ஆலையை ஒட்டி இருந்த கட்டத்தில் நீலத்தை ஏற்றிவிட்டாள். அது பிரஷ்யக்காரர்களின் கட்டம், ஒர்தான்ஸுக்குப் போக வேண்டியது. எங்கள் வேலையில் முதலில் முடிகிற தாளைச் சுவரில் குத்திவிடுவோம், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான். முதல் கோணல் முற்றும் கோணல். கட்டு முழுக்க ஆலை நீலமாகிவிட்டது. ஆலையைப் பிரெஞ்சுக்காரன் ஒரு நிமிஷம்கூடப் பிடித்ததில்லை என்று தளபதி மாடிப்படியிலேயே கத்தினாராம். பட்டறைக்காரி மதாம் கொல்லினே முகம் சுண்டிப்போய், அந்தக் கட்டு மொத்தத்தையும் தகடு துடைக்கிற தாளாகக் கீழே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள். புதுத் தாளில் ஆலை சிவப்பானது.

கீழே முற்றத்தில் இருந்த அச்சகத்தில் பிர்மேன் வேலை செய்தான். செம்புத் தகட்டைக் கரியடுப்பின் மேல் வைத்துச் சூடாக்கித்தான் மை தடவ வேண்டும். அதனால் அவன் உள்ளங்கை எப்போதும் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது போல இருக்கும். தாள் சுமக்க ஆள் இருந்தும் எங்கள் கட்டுகளை அவனே தூக்கிக்கொண்டு மேலே வருவான். வந்தால் சிதோனியின் பின்னால் நின்று எதையாவது விசாரிப்பான். சாயம் போதுமா, ஜன்னலில் காற்று வருகிறதா, அவ்வளவுதான். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை உரிக்க முடியாது.

அவளுக்கும் அவன்மேல் ஆசைதான். என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்: "அவர் படியேறி வர்ற சத்தம் கேட்டா என் நீலம் தடிச்சுப் போகுதுடி செலி." எங்கள் தெருவில் பாதி வீட்டில் கல்யாணத்துக்கு நகரசபை முத்திரையும் கிடையாது, தேவாலய மணியும் கிடையாது. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். நானே அப்படித்தான். அவளிடம் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மத்தூரேனைப் பற்றி ஒரு முடிவு தெரியாமல் இன்னொருவன் பக்கத்தில் படுக்க முடியாது என்று சொல்லிவிடுவாள். எனக்குப் பொறுமை குறைவு. அவள் மண்டையில் தூரிகையால் ஒன்று போடலாமா என்று இருக்கும்.

இப்படி இருக்கையில், மார்ச் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் பிர்மேன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மேலே வந்தான். அச்சகக்காரர்களுக்குத் திங்கட்கிழமை வேலை கிடையாது, ஒயின் கடைதான். அன்று அவன் வந்ததே அதிசயம். கூட ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தான். ஒரு காலை இழுத்து நடக்கிற, நரைத்த மீசைக்காரர். பழைய ராணுவக் கோட்டின் பொத்தான்களில், இப்போது காட்டக் கூடாத பேரரசரின் கழுகு முத்திரை தெரியாதபடி துணி வைத்துத் தைத்திருந்தார். பெயர் சார்ஜண்ட் வெர்தியே. மத்தூரேனின் கம்பெனியிலேயே இருந்தவர், அவன் விழுந்ததைப் பார்த்தவர், வியாழக்கிழமை நீதிபதி முன்னால் வந்து சொல்லத் தயாராக இருக்கிறார் என்று பிர்மேன் தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மதாம் வெளியே போயிருந்தாள், நல்ல வேளை. ஒர்தான்ஸ் ஸ்டூல் இழுத்துப் போட்டாள். சார்ஜண்ட் உட்காராமல் நின்றே, ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

"நீர்ச்சக்கர ஆலைக்குப் பக்கத்துலம்மா, குளத்துக்கு இந்தப் பக்கம், எங்க பட்டாளம் நின்னுச்சு. காலையில இருந்து எடத்த விடல. மத்தூரேன் அங்கதான் நெஞ்சுல குண்டு பட்டு விழுந்தான். என் கண்ணால பார்த்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முடிந்தது, அவளுக்கு விடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் குளம் என்ற சொல் உள்ளே இறங்கியது. அந்தக் குளத்துக்கு எத்தனையோ தாளில் நீர் ஊற்றியவள் நான். அதன் இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தேன். சிதோனியின் தூரிகை அந்தரத்தில் நின்றிருந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு நீலம் தாளிலிருந்த காட்டின் நடுவில் விழுந்தது. அவள் சிந்தி நான் பார்த்ததே இல்லை.

நான் மேசைக்கு அடியில் காலை நீட்டி ஒர்தான்ஸை உதைக்கப் பார்த்தேன். எட்டவில்லை.

"ஆலையில நின்னது என் ஆளுங்கதானே?" என்றாள் ஒர்தான்ஸ், ரொம்ப வெகுளியாக.

பிர்மேனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. பிரெஞ்சுக்காரன் ஆலையில் நின்ற தாள் உலகத்திலேயே ஒரு கட்டுதான் உண்டு. அது எங்கே போனது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், சார்ஜண்டைத் தவிர.

"பிர்மேன்," என்றாள் சிதோனி மெதுவாக. "தகடு துடைக்க அனுப்பின தாளை நீங்க முழுக்கத் துடைச்சு முடிக்கலையா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு துண்டு துண்டாகச் சொன்னான். ஒரு தாளை மட்டும் எடுத்து வைத்திருக்கிறான். அதில் அவள் நீலம் இருந்ததால், வேறெதற்கும் இல்லை. கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தானாம். குளிர்காலம் முழுக்க ஒயின் கடை ஒயின் கடையாகப் பழைய சிப்பாய்களை விசாரித்து, கடைசியில் இந்தச் சார்ஜண்டைக் கண்டுபிடித்தான். கம்பெனி ஒன்றுதான், ஆனால் மத்தூரேனின் முடிவை இவர் பார்க்கவில்லை. எதையும் பார்த்தவர் இனிக் கிடைக்கப்போவதில்லை என்று அவனுக்கு அன்றைக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்து வந்து, ஒயின் மேசையில் விரித்து, ஆலைக்குப் பக்கத்தில் இருந்த நீலக் கட்டத்தில் விரலை வைத்து அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"மனுஷன் நெசம், சிதோனி," என்றான். "எடம் மட்டும்தான் நான் குடுத்தது."

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரம் தலை குனிந்திருப்பார்கள். எனக்கு என்ன வந்ததோ, எழுந்துவிட்டேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள், இங்கே ஒரு பொய்தான், அதுவும் திருத்திவிடக்கூடிய பொய் என்றேன். சரியான தாளை எடுத்துச் சார்ஜண்ட் முன்னால் விரித்தேன். செங்கல் சூளை ஓரமாக நீலம் இருக்கிறது, அங்கே நின்றதாகச் சொன்னால் எந்தத் தளபதியும் எந்த நீதிபதியும் மறுக்க முடியாது. ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால் மத்தூரேனுக்கு என்ன நஷ்டம் என்று கூடக் கேட்டேன். ஒர்தான்ஸும் தான் உளறியதற்குப் பரிகாரமாக என்னோடு சேர்ந்துகொண்டாள்.

சார்ஜண்ட் தாளை இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இதுல ஒண்ணும் புரியலம்மா," என்றார். "நான் என்ன பறவையா? எனக்கு முன்னாடி நின்னவன் முதுகுப்பைதான் எனக்குத் தெரியும். அதை எந்தப் படத்துல போட்டிருக்கான்?"

சிதோனி தூரிகையைக் கழுவி வைத்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தாள். "படத்த விடுங்க ஐயா. அவரை உங்களுக்கு நெசமாவே தெரியுமா?"

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். குரலே மாறிவிட்டது. ஒப்பிக்கிற குரல் போய், ஒரு மனிதனின் குரல் வந்தது.

"தெரியாம என்னம்மா. குளிருதுன்னு எவனாவது முனகினா போதும், ஆரம்பிச்சிருவான். இது ஒரு குளிராடா, என் பொண்டாட்டி பாதத்த ராத்திரி முதுகுல வாங்கிப் பாருங்கடா, அப்புறம் பேசுங்கன்னு. கம்பெனி மொத்தத்துக்கும் உங்க பாதம் தெரியும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

சிதோனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையிலிருந்த நீலம் கன்னத்தில் ஒட்டியது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் சொல்லுங்கள் என்று கையால் காட்டினாள்.

அவர் சொன்னார். மத்தூரேன் சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கை இருக்கிற ஆட்களைவிட ஒரு பங்கு கூடுதலாக வெட்டுவானாம், யாராவது வருவார்கள் என்று. பாடினால் தவளைகூட நிறுத்திவிடுமாம். குரோனவிட்ஸில் மழை கொட்டியது. சார்ஜண்டுக்குத் தொடையில் குண்டு பட்டு வண்டியில் ஏற்றினார்கள். வண்டி நகரும்போது, எல்லோருடைய தண்ணீர்க் குப்பியையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு மத்தூரேன் ஒரு பேரி மரத்தடியில் ஒதுங்கி நின்றான்.

"கைய ஆட்டினான். வண்டியில எனக்கும் ஒரு நனையாத எடம் பிடிச்சு வைடான்னு கத்தினான். வண்டி திரும்பிருச்சு. அவ்வளவுதாம்மா. உசிரோடதான் பார்த்தேன். அதுக்கப்புறம் சத்தியமாத் தெரியாது."

நான் என்னை அறியாமல் சரியான தாளில் அந்தப் பேரி மரத்தைத் தேடினேன். தளபதிகள் காட்டை வரைவார்கள். ஒற்றை மரத்தை வரைவதில்லை.

சிதோனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை எங்கும் போக வேண்டாம் என்று சார்ஜண்டிடம் சொன்னாள். பொய்ச் சத்தியத்துக்குச் சங்கிலி மாட்டிவிடுவார்கள் என்பதை அவருக்கு நினைவுபடுத்தினாள். பிறகு எங்கள் எல்லோருக்குமாகச் சொன்னாள்.

"ஆலையில நீலம் இல்லை. அது நான் பண்ணின தப்பு. என் தப்புக்குள்ள கொண்டுபோய் அவரைச் சாகடிக்க மாட்டேன். சூளையிலயும் வேண்டாம், செலி. அந்த மரத்தடியிலயே நிக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கைக்கு எட்டியதை வாயில் போட மாட்டேன் என்கிறாளே! பிர்மேன் தொப்பியை எடுத்துக்கொண்டான். தான் செய்த காரியம் இருந்ததையும் கெடுத்துவிட்டது என்று அவன் முதுகிலேயே எழுதியிருந்தது. கதவுவரை போய்விட்டான். அவனுக்காக எனக்கு அழுகை வந்தது, ஒளிப்பானேன்.

சிதோனி எழுந்து சால்வையை எடுத்தாள். ஜன்னலில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. வெளிச்சம் இருக்கும்போது அவள் மேசையை விட்டு எழுந்ததே கிடையாது. நீலச் சாயம் கரைத்து வைத்திருந்த தன் சிப்பியை மூடி வைக்கும்படி என்னிடம் சொன்னாள். வீட்டில் வெங்காயச் சூப் இருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டே மிச்சத்தையும் சொல்ல வேண்டும் என்று சார்ஜண்டை அழைத்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள்.

"நீங்க எங்க போறீங்க பிர்மேன்? உங்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கு."

அவன் திரும்பினான். வியாழக்கிழமைதான் இல்லையென்று ஆகிவிட்டதே என்றான். இனி நீதிபதி தரும் அந்தக் காகிதம் எப்போதும் கிடைக்காது என்றும் சொன்னான்.

"கிடைக்காது," என்றாள் அவள். "இனிமே அதுக்காகக் காத்திருக்கவும் மாட்டேன். ஒன்பது வருஷமா அவர் எப்படிச் செத்தார்னே யோசிச்சு யோசிச்சு நான் பாதி செத்துட்டேன். எப்படி இருந்தார்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் சொல்றார். எனக்கு அது போதும்."

நான்தான் சும்மா இருக்க மாட்டேனே. ஒருவேளை மத்தூரேன் ஒருநாள் படியேறி வந்து நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டேன்.

"வந்தா இன்னொரு கிண்ணம் எடுத்து வைப்பேன்," என்றாள். "அவரும் ஒரு பங்கு கூடுதலா வெட்டுற ஆள்தான். சண்டை போட மாட்டார்."

சார்ஜண்ட் மூக்கைச் சிந்தினார். ஒர்தான்ஸ் தன் சிவப்புக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். சிதோனி சால்வையைப் போர்த்திக்கொண்டு கதவருகே போய், பிர்மேன் பக்கத்தில் நின்றாள். அவன் கை தொப்பியின் விளிம்பைப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாங்கள் பார்க்க அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன்," என்றாள். "சார்ஜண்ட் சொன்னதுல அது பொய்யே இல்ல. என் பாதம் ரொம்பச் சில்லுன்னு இருக்கும். கேட்டியா?"

பிர்மேன் தன் கையையும் அதைப் பிடித்திருந்த அவள் கையையும் பார்த்தான்.

"தாங்கிக்கிறேன்," என்றான்.